கேளுங்கள் டீச்சரை: வீடு நிறையக் குப்பை, நடுவில் ஒரு பிள்ளை

இந்த மாதம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். ஆரம்பப் பிரிவில் படிக்கிற பிள்ளையைப் பாடசாலை விட்டு வந்த பிறகு வீட்டில் என்ன செய்ய வைப்பது, அதுவும் கொழும்பில், அதுவும் பிளாட்டில். அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். சில கடிதங்கள் நீளம், சுருக்கிப் போட்டிருக்கிறேன், கோபிக்க வேண்டாம்.

மகன் தரம் மூன்று. மூன்றாம் மாடியில் இரண்டு அறை வீடு. வந்ததும் போன்தான். அதைக் குறைக்கலாம் என்று கடையில் கைவேலைப் பெட்டிகள் வாங்கிக் கொடுத்தேன், விலையும் குறைவில்லை. ஒருநாள் செய்தான், அதோடு சரி. அவனுக்குக் கற்பனை குறைவோ என்று பயமாக இருக்கிறது டீச்சர்.
ஓர் அம்மா, வெள்ளவத்தை

பயப்படாதீர்கள், குறை பெட்டியில்தான் இருக்கிறது. அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கும்? ஏற்கெனவே வெட்டிய துண்டுகள், எதை எதோடு ஒட்ட வேண்டும் என்ற தாள், மூடியில் முடிந்த பொருளின் படம். பிள்ளை ஒட்டுகிறான், படத்தில் இருப்பது போலவே வருகிறது, எல்லோரும் கை தட்டுகிறார்கள். இனி அதில் செய்ய என்ன மிச்சம்? யோசிக்க வேண்டிய வேலையை எல்லாம் பெட்டி செய்தவரே செய்து முடித்துவிட்டார், உங்கள் மகனுக்குப் பசை பூசுகிற வேலைதான் கிடைத்தது.

முதலில் பெரிய மட்டைப் பெட்டி ஒன்று எடுங்கள். யோகட் கப், பற்பசைப் பெட்டி, முட்டை மட்டை, போத்தல் மூடி, நூல் கட்டை, ஐஸ்கிரீம் குச்சி, பழைய தும்புத்தடியிலிருந்து தும்பு, உடைந்த குடைக் கம்பி (முனையை மழுக்கிவிட்டு), கழுவிக் காய வைத்த சிரட்டை, எல்லாம் அதற்குள். வெள்ளவத்தையில் தையல்காரருக்கா பஞ்சம், கேட்டால் வெட்டுத் துணி ஒரு பை நிறையத் தருவார்கள். காசு கொடுத்து வாங்க வேண்டியது மாஸ்கிங் டேப், பசை, பிள்ளையின் கைக்குப் பொருந்துகிற கத்தரிக்கோல், அவ்வளவுதான். கத்தரிக்கோலில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். வெட்டாத கத்தரிக்கோலோடு மல்லுக்கட்டியே பாதிப் பிள்ளைகள் கைவேலையை வெறுக்கிறார்கள்.

அப்புறம், 'இதை வைத்து ஏதாவது செய் பார்ப்போம்' என்று சொல்லிவிட்டுப் போகாதீர்கள், அது பெரியவர்களுக்கே கஷ்டம். மாதிரியும் காட்ட வேண்டாம். ஒரு சிக்கலைக் கொடுங்கள். 'இந்தப் பொம்மைக்கு ஒரு வீடு வேண்டும், நான் மேலே ஒரு கோப்பை தண்ணீர் ஊற்றுவேன், உள்ளே ஒரு சொட்டும் விழக்கூடாது.' கொழும்பு மழையைப் பார்த்து வளர்கிற பிள்ளைக்கு இதை விளங்கப்படுத்தவே தேவையில்லை. கூரையைச் சரிவாக வைத்தால் தண்ணீர் ஓடும் என்பதும், மட்டை ஊறிப்போகும், மேலே பொலித்தீன் போட வேண்டும் என்பதும், இரண்டு துண்டு சேர்கிற இடத்தில்தான் ஒழுகும் என்பதும் அவனே ஒவ்வொன்றாகக் கண்டுபிடிப்பான். குளியலறையில் வைத்துச் சோதியுங்கள், ஹோலில் வேண்டாம்.

இன்னொன்று சொல்கிறேன், இதைக் கட்டாயம் செய்து பாருங்கள். கழிவறைத் தாள் சுற்றிவருகிற மட்டைக் குழாய்களைச் சேர்த்து வைத்து, ஒவ்வொன்றையும் நீளவாக்கில் இரண்டாக வெட்டினால் சின்னப் பீலிகள் கிடைக்கும். அவற்றை அலுமாரிக் கதவில் மாஸ்கிங் டேப்பால் சாய்வாக ஒட்டி, மேலே ஒரு போளையை விட்டால் கீழே உள்ள கப்புக்குள் வந்து விழ வேண்டும், இதுதான் போட்டி. முதல் முறை நிச்சயம் விழாது. சாய்வு கூடினால் போளை வேகமாக வந்து திருப்பத்தில் வெளியே பாயும், குறைந்தால் நடுவழியில் நின்றுவிடும். அவன் டேப்பைக் கிழிப்பான், ஒரு பக்கத்தை ஒரு விரல் அளவு உயர்த்துவான், திரும்ப விடுவான், திருப்பத்தில் ஒரு மட்டைத் துண்டைத் தடுப்பாக வைப்பான், திரும்பவும் விடுவான். உங்களுக்குக் கை பரபரக்கும், 'இங்கே கொண்டா' என்று வாங்கி ஒட்டத் தோன்றும். அந்த இடத்தில் எழுந்து குசினிக்குப் போய்விடுங்கள். போளை கப்புக்குள் விழுந்த சத்தம் கேட்டதும் அவனே கத்திக் கூப்பிடுவான். அப்போதும் 'கெட்டிக்காரன்' என்று ஒரு சொல்லில் முடிக்காமல், 'முதலில் ஏன் வெளியே பாய்ந்தது, பிறகு என்ன மாற்றினாய்' என்று கேளுங்கள். அவன் சொல்கிற அந்தப் பதிலில் விஞ்ஞானமும் இருக்கிறது, வசனம் அமைப்பதும் இருக்கிறது. (கீழ்வீட்டுக்காரர் முணுமுணுத்தால் தரையில் ஒரு பழைய பெட்ஷீட் விரியுங்கள், போளைச் சத்தம் குறையும்.)

போனைப் பிடுங்கிச் சண்டை போட்டு இதைத் தொடங்காதீர்கள். வந்ததும் சாப்பாடு, குளியல், பிறகு போன் இல்லாத ஒரு நேரம், தினமும் அதே நேரம். முதல் சில நாட்கள் 'போரடிக்குது' என்று தரையில் புரளுவான். புரளட்டும். நீங்கள் உடனே ஓடிப்போய் எதையாவது கையில் திணிக்காவிட்டால், அந்தப் பெட்டியைத் தானாகவே கிளறத் தொடங்குவான். பாதியில் விட்டுப் போனதை இரவே கூட்டி அள்ளிவிடாதீர்கள், நாளைக்கு அது அவனை இழுக்கும்.

வீட்டில் தம்பி தங்கை இருந்தால் ஒரு வார்த்தை: தரம் ஒன்று, இரண்டுக்கு இந்தப் பீலி வேலை பிடிபடாது. அவர்களுக்கு நடிப்பு வேண்டும். கடை வைப்பது, பஸ் ஓட்டுவது, கதிரைகளை வரிசையாகப் போட்டு '100 பாணந்துறை, 101 மொரட்டுவை' என்று கத்துவது. டிக்கட் எழுதுவதும் மிச்சக் காசு கொடுப்பதும் அவர்களுடைய கணக்கு.

பாடசாலையில் ஒவ்வொரு தவணையும் ஏதாவது செய்துகொண்டு வரச் சொல்கிறார்கள். போக்குவரத்துச் சாதனம், வீட்டு மாதிரி, விலங்கு முகமூடி. இரவு பதினொரு மணிக்கு நானும் அவரும் உட்கார்ந்து செய்கிறோம், மகள் தூங்கிவிடுவாள். மற்ற அம்மாமார் காசு கொடுத்தே செய்விக்கிறார்கள். அவள் செய்ததைக் கொடுத்தனுப்பினால் அசிங்கமாக இருக்காதா?
ஓர் அம்மா, பம்பலப்பிட்டி

கொஞ்சம் கோணலாக இருக்கும். ஏழு வயதுப் பிள்ளையின் கைவேலை அப்படித்தான் இருக்கும், அதைப் பார்த்து எந்த ஆரம்பப் பிரிவு ஆசிரியரும் அதிர்ச்சி அடைய மாட்டார். அடைந்தால் அவர் வேறு வகுப்புக்குப் போகலாம்.

நேராகவே சொல்கிறேன். நீங்களும் உங்கள் கணவரும் சேர்ந்து செய்கிற ரயிலுக்குப் புள்ளி கிடைக்கும், மகளுக்கு ஒன்றும் கிடைக்காது. இல்லை, ஒன்று கிடைக்கும்: தன் கையால் செய்வது வெளியே காட்ட லாயக்கில்லை என்ற எண்ணம். தரம் இரண்டில் அது மனதில் விழுந்துவிட்டால், தரம் ஆறில் 'எனக்கு வரையத் தெரியாது' என்று அவளே சொல்லிவிடுவாள். நன்றாக வரைந்துகொண்டிருந்த எத்தனையோ பிள்ளைகள் இப்படி நின்று போனதைப் பார்த்திருக்கிறேன்.

பெற்றோர் செய்யக்கூடியவை: கூரான கத்தியால் வெட்ட வேண்டியதை வெட்டிக் கொடுக்கலாம், சூடான பசைத் துப்பாக்கியை நீங்கள் பிடிக்கலாம், சாமான் தேட உதவலாம், சொன்ன திகதியை முதல் நாள் இரவு நினைவு வராமல் ஒரு கிழமைக்கு முன்பே நினைவுபடுத்தலாம். இந்தக் கடைசியைச் செய்தாலே பாதிப் பிரச்சினை தீரும். பதினொரு மணி வேலைக்குக் காரணம் பெரும்பாலும் கொப்பியை ஒன்பது மணிக்குத் திறந்து பார்ப்பதுதான்.

வகுப்பாசிரியரிடமும் ஒரு வார்த்தை பேசுங்கள், குறை சொல்கிற தொனியில் வேண்டாம். 'இந்த முறை பிள்ளையே தனியாகச் செய்தது டீச்சர், எப்படிச் செய்தது என்று அவளிடமே கேளுங்கள்' என்று சொன்னால் போதும். கடையில் செய்வித்த விமானத்தைக் கொண்டுவந்த பிள்ளை வாயைத் திறக்காது, உங்கள் மகள் சக்கரம் ஏன் கழன்றது என்று கால் மணி நேரம் சொல்வாள்.

மகளுக்கு அடுத்த வருடம் தரம் ஐந்து ஸ்கொலர்ஷிப் பரீட்சை. கிழமையில் நாலு நாள் டியூஷன். மனைவி உங்கள் பகுதியைப் படித்துவிட்டுக் கடதாசி வெட்டு, மாப் பிசை என்று நேரத்தை வீணாக்குகிறார். இதெல்லாம் ஸ்கொலர்ஷிப் முடிந்த பிறகு பார்த்தால் ஆகாதா?
ஓர் அப்பா, கொட்டாஞ்சேனை

தம்பி, வீட்டுச் சண்டையில் என்னை இழுத்துவிட்டீர்கள். உங்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது, கடந்தகால வினாத்தாளைச் செய்யாமல் அந்தப் பரீட்சைக்குப் போக முடியாது. ஆனால் அந்த வினாத்தாளையே ஒருதரம் எடுத்துப் பாருங்கள். உருவத்தைத் திருப்பினால் எப்படித் தெரியும், வரிசையில் அடுத்தது என்ன, எது பொருந்தாது என்றெல்லாம் கேள்விகள் வரும். இவற்றுக்கு டியூஷனில் சூத்திரம் சொல்லிக் கொடுப்பார்கள். கையால் செய்து பார்த்த பிள்ளைக்குச் சூத்திரம் தேவைப்படாது.

ஒரு கடதாசியை நாலாக மடித்துக் கொடுத்து, மூலையில் ஒரு துண்டு வெட்டப் போகிறேன், விரித்தால் எத்தனை ஓட்டை, எங்கே என்று வெட்டுவதற்கு முன் கேளுங்கள். மடிப்புகள் சேர்கிற மூலையை வெட்டினால் நடுவில் ஒரே ஓட்டை. திறந்த மூலையை வெட்டினால் ஓட்டையே வராது, நாலு மூலையும் போய்விடும். முதலில் ஊகிக்க வேண்டும், பிறகு வெட்டிப் பார்க்க வேண்டும், அதுதான் சுவாரஸ்யம். பிறகு அவளே மடித்து உங்களைக் கேட்கட்டும். நீங்கள் தோற்பீர்கள், அது அவளுக்கு மிகவும் பிடிக்கும். அதே போல டேன்கிராம்: சதுர மட்டை ஒன்றை ஐந்து முக்கோணம், ஒரு சிறு சதுரம், ஓர் இணைகரம் என்று ஏழாக வெட்டி, ஏழையும் வைத்துப் பூனை, படகு, ஓடுகிற மனிதன் என்று அடுக்குவது. அடுக்கி முடிந்ததும் திரும்பச் சதுரமாக்கு என்று சொல்லிப் பாருங்கள், நீங்களும் முயன்று பாருங்கள்.

கட்டுரை எழுதுவதற்குச் செலவில்லாத வழி உங்கள் பேர்ஸிலேயே இருக்கிறது. 2011இல் புழக்கத்துக்கு வந்த நம்முடைய நோட்டு வரிசையில், 20 ரூபாயிலிருந்து 5000 ரூபாய் வரை, முன்பக்கத்தில் ஒவ்வொன்றிலும் ஓர் இடம், ஒரு பறவை, ஒரு வண்ணத்துப்பூச்சி, மறுபக்கத்தில் மேளமும் நடனமும். 500 ரூபாயில் கோட்டையில் இருக்கிற உலக வர்த்தக மையத்தின் இரட்டைக் கோபுரம் தெரியும், கொட்டாஞ்சேனைப் பிள்ளைக்கு அது பார்த்துப் பழகிய கட்டடம். இவ்வளவு நாளும் இதைக் கவனித்தாயா என்று கேளுங்கள், நாமே கவனித்திருக்க மாட்டோம். பூதக்கண்ணாடி இருந்தால் கொடுங்கள். அப்புறம் அவளுடைய சொந்த நோட்டு ஒன்றை வரையச் சொல்லுங்கள்: எந்த இடம், எந்தப் பறவை, எந்த நடனம், எத்தனை ரூபாய். ஏன் இவற்றைத் தெரிவு செய்தாள் என்று கீழே எழுதட்டும். 'எனக்குப் பிடித்த பறவை' என்ற தலைப்பைக் கொடுத்தால் டியூஷன் கொப்பியில் இருக்கிற மயிலைப் பற்றிய அதே ஐந்து வசனம் வரும். இதில் அப்படி வர வழியில்லை.

நாலு நாள் டியூஷனை மூன்றாக்குங்கள் என்பது என் கருத்து. அந்த ஒருநாளில் மனைவி சொல்வதைக் கேளுங்கள்.

எனக்கு எழுபதை நெருங்குகிறது. ஊர் பருத்தித்துறை. மகளும் மருமகனும் வேலைக்குப் போய்விட, தரம் இரண்டு படிக்கிற பேத்தி பின்னேரம் முழுக்க என்னோடுதான். ஆங்கில மொழிப் பாடசாலை. நான் தமிழில் கேட்டால் அவள் இங்கிலீஷில் பதில் சொல்லுகிறாள். இந்தக் கைவேலை எல்லாம் எனக்குத் தெரியாது பிள்ளை, நான் என்ன செய்யலாம்?
ஓர் அம்மம்மா, தெஹிவளை

அம்மா, இந்த மாதம் வந்த கடிதங்களில் எனக்கு மிகவும் பிடித்தது உங்களுடையதுதான். தெரியாது என்கிறீர்கள், பருத்தித்துறையில் பிறந்தவருக்குத் தட்டை வடை தட்டத் தெரியாமலா இருக்கும்? மாவைக் குழைத்து ஒரே அளவான உருண்டைகளாக உருட்டி, எல்லாம் ஒரே மெல்லிசாக வரும்படி தட்டுவதை அவளிடம் கொடுங்கள், பொரிப்பது மட்டும் உங்கள் வேலை. இத்தனை உருண்டையை நாலு பேருக்குப் பங்கு போட்டால் ஆளுக்கு எத்தனை, மிச்சம் எத்தனை என்று அவளே எண்ணுவாள், மிச்சம் யாருக்கு என்று சண்டையும் பிடிப்பாள். அரிசி அளக்கிற சுண்டும் கொத்தும் வீட்டில் இருந்தால் ஒரு கொத்துக்கு எத்தனை சுண்டு என்று கேளுங்கள், பதிலைச் சொல்லிவிடாதீர்கள். அளந்து பார்க்கட்டும், தரையில் கொட்டினால் கூட்டவும் பழகட்டும்.

கொக்கான் விளையாடியிருப்பீர்களே. ஒரு கல்லை மேலே எறிந்து அது கீழே வருவதற்குள் தரையில் உள்ள நாலு கல்லையும் ஒவ்வொன்றாக எடுப்பது, பிறகு இரண்டிரண்டாக, பிறகு மூன்றும் ஒன்றுமாக, பிறகு நாலையும் ஒரே அள்ளாக. நாலு என்ற எண்ணை இத்தனை விதமாகப் பிரிக்கலாம் என்று பாடப் புத்தகம் படம் போட்டுக் காட்டுவதை உங்கள் கை விளையாட்டாகக் காட்டிவிடும். கண்ணும் கையும் சேர்ந்து வேலை செய்வதால் எழுத்தும் கொஞ்சம் சீராகும். உங்களுக்குக் குந்தி இருக்க முழங்கால் விடாது என்றால் கட்டிலில் பாய் விரித்து விளையாடுங்கள்.

தமிழ் விஷயம். 'தமிழில் சொல்லு' என்று அதட்ட வேண்டாம், அவள் பேச்சையே நிறுத்திவிடுவாள். நொடி போடுங்கள், விடுகதையைத்தான் சொல்கிறேன். ஊரில் சொன்ன நொடிகள் இரண்டு மூன்று சொல்லிவிட்டு, குளிர்சாதனப் பெட்டிக்கும் மின்தூக்கிக்கும் த்ரீவீலருக்கும் நொடி இல்லையே, நீ ஒன்று கட்டு பார்ப்போம் என்று கேளுங்கள். அவளுக்குச் சொல் வராத இடத்தில் நீங்கள் எடுத்துக் கொடுங்கள்.

அப்புறம் ஒரு சின்னப் புத்தகம். ஏ4 தாள் ஒன்றை மூன்று முறை பாதி பாதியாக மடித்து விரித்தால் எட்டுக் கட்டம் தெரியும். இப்போது குறுகிய விளிம்புகள் இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று வரும்படி ஒருதரம் மடித்து, மடிப்புப் பக்கத்திலிருந்து நடுக்கோட்டின் மேல் அடுத்த மடிப்புக் கோடு வரைக்கும் மட்டும் வெட்டுங்கள். திரும்ப விரித்து, நீளவாக்கில் மடித்து, இரு முனைகளையும் பிடித்து உள்ளே தள்ளினால் நடுவில் வாய் திறந்து கூட்டல் குறி போல வரும், அதைச் சுற்றி மடித்தால் எட்டுப் பக்கப் புத்தகம். பசையும் வேண்டாம், நூலும் வேண்டாம். நீங்கள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது நடந்த ஒன்றை, கடலோ கிணறோ ஆட்டுக்குட்டியோ, பக்கத்துக்கு ஒரு வசனமாகச் சொல்லுங்கள். அவள் படம் போட்டு எழுதட்டும். எழுத்துப் பிழையைத் திருத்திக்கொண்டிருக்காதீர்கள், முதலில் எட்டாம் பக்கம் வரை போகட்டும். இரவில் அம்மாவுக்கு அவளே வாசித்துக் காட்டுவாள், தமிழில்தான் வாசிக்க வேண்டும், எழுதியிருப்பதே தமிழில்தானே.

யூடியூபில் கைவேலை வீடியோ பார்க்கிறாள், அது நல்லதுதானே? ஆனால் பார்த்துக்கொண்டே இருக்கிறாள், ஒன்றும் செய்வதில்லை. (தரம் நான்கு)
ஓர் அப்பா, கல்கிசை

சமையல் நிகழ்ச்சி பார்ப்பது போலத்தான், பார்த்து வயிறு நிறையாது. ஒரு வீடியோ, ஒரே தரம், பிறகு போன் மேசை லாச்சிக்குள். நினைவில் இருந்து செய்யட்டும். மறந்த இடத்தில் தானாக ஒன்றை நுழைப்பாள், அந்த இடம்தான் அவளுடையது. திரும்பப் போனைக் கேட்டால் கொடுக்காதீர்கள்.

வாடகை வீடு. களிமண், தண்ணீர்ச் சாயம் என்றாலே வீட்டுக்காரர் முகம் சுளிக்கிறார். என்ன செய்யலாம்?
ஒரு வாசகி, நாரஹேன்பிட்டி

கோதுமை மா இரண்டு கோப்பை, உப்புத்தூள் ஒரு கோப்பை, தண்ணீர் முக்கால் கோப்பையில் தொடங்கி வேண்டிய அளவு. சப்பாத்திப் பதத்துக்குப் பிசைந்தால் களிமண்ணுக்குப் பதிலாக அருமையாக உருவம் பிடிக்கலாம். உலர்ந்தால் கல் போல இறுகும். ஆனால் ஒன்று, உப்பு ஈரத்தை இழுக்கும், மழைக் காலத்தில் கடற்கரைப் பக்க வீடுகளில் நன்றாகக் காய்ந்தது கூடத் திரும்ப நெகிழும். வெயில் நாளாகப் பார்த்து மெல்லிய உருவங்களாகச் செய்தால் தப்பலாம்.

நிறத்துக்கு பீட்ரூட் சாறும் மஞ்சள் தூளும். மஞ்சளில் ஒரு வேடிக்கை இருக்கிறது: மஞ்சள் கரைத்துப் பூசிய கடதாசியில் சவர்க்காரத் தண்ணீரால் எழுதினால் எழுத்து சிவப்பாக வரும், மேலே தேசிக்காய்ச் சாறு தடவினால் திரும்ப மஞ்சளாகும். சவர்க்காரம் காரம், தேசிக்காய் அமிலம், மஞ்சளின் சாயம் அதற்கேற்ப மாறுகிறது. பெயர்களைப் பிறகு படிக்கலாம், இப்போது இரகசியக் கடிதம் எழுதினால் போதும். பாடசாலை வெள்ளை உடுப்போடு மட்டும் இதற்குப் பக்கத்தில் விடாதீர்கள், மஞ்சள் போகாது. வேலையைக் குளியலறைத் தரையில் வைத்துக்கொண்டால் வீட்டுக்காரருக்கும் தெரியப் போவதில்லை.

சனி ஞாயிறில் இரண்டு பிள்ளைகளையும் (தரம் மூன்று, தரம் ஐந்து) எங்கே கூட்டிப் போகலாம்? செலவு குறைவாக, ஆனால் ஏதாவது பிரயோசனமாக.
ஓர் அம்மா, மட்டக்குளி

பஸ்ஸில் கோட்டைக்கு வந்து அங்கிருந்து கல்கிசைக்கு ரயில் ஏறுங்கள். வலது பக்க யன்னல். கொம்பனித்தெரு, கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெஹிவளை என்று வரும், பாதி வழி கடல் பக்கத்திலேயே ஓடும். கையில் பென்சிலும் சின்னக் கொப்பியும் கொடுத்து, ஒவ்வொரு நிலையத்திலும் கண்ணில் பட்ட ஒன்றை மட்டும் குறிக்கச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்து நாலைந்து தாளை நீளமாக ஒட்டி அந்தப் பாதையை வரைபடமாக வரையலாம். பெரியவன் தூரத்தைப் பார்த்துக்கொள்ளட்டும், சின்னவள் படம் போடட்டும். எங்கே பாலம், எங்கே கால்வாய் என்று சண்டை வரும், திரும்ப ஒருதரம் போய்ப் பார்த்துத்தான் தீர்க்க முடியும்.

இன்னொரு நாள் தேசிய அருங்காட்சியகம். 1877இல் திறந்தது, கட்டடமே பார்க்க வேண்டிய ஒன்று. ஆனால் எல்லாவற்றையும் காட்டி இழுத்துக்கொண்டு திரியாதீர்கள், கால் வலித்து அழுவார்கள். அங்கே காலியில் கண்டெடுத்த மும்மொழிக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 1409ஆம் ஆண்டுக்குரியது, சீனக் கடற்படைத் தளபதி செங் ஹ கொண்டுவந்தது. சீனம், தமிழ், பாரசீகம் என்று ஒரே கல்லில் மூன்று மொழி. அதன் முன்னால் நிற்க வைத்து, எந்தப் பகுதி தமிழ் என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அறுநூறு வருடத்துக்கு முந்திய எழுத்து, இன்றைய எழுத்துப் போல இருக்காது, தேய்ந்தும் இருக்கிறது. தெரிந்த ஓர் எழுத்தைப் பிடித்துவிட்டால் அடுத்ததைத் தேடத் தொடங்குவார்கள்.

வீட்டுக்கு வந்ததும் சவர்க்காரக் கட்டி ஒன்றில், பேனை மூடியின் முனையால், தங்கள் வீட்டுக் கல்வெட்டைச் செதுக்கட்டும். தமிழும் ஆங்கிலமும் அவர்களுக்குத் தெரியும். மூன்றாவதாகச் சிங்களம், பக்கத்து வீட்டு ஆன்ட்டியிடம் போய்க் கேட்டு எழுதிக்கொண்டு வரட்டும். பாடசாலையில் இரண்டாம் மொழி என்று புள்ளிக்காகப் படிப்பதை ஒரு மனிதரிடம் போய்க் கேட்டுப் படித்தால் மறக்காது. ஆன்ட்டி ஒரு பிஸ்கட்டும் கொடுப்பார்.

எல்லாம் சரி டீச்சர். நீங்கள் சொன்னபடியே விட்டேன். இப்போது வீடு முழுக்க மட்டைக் கோபுரம், யோகட் கப் கப்பல். ஒன்றைத் தூக்கிப் போட்டாலும் ஒப்பாரி. எங்கே வைப்பது?
ஓர் அம்மா, பொரளை

ஒரு தட்டு ஒதுக்குங்கள், அதுதான் அவனுடைய கண்காட்சி. தட்டு நிறைந்ததும் புதிதாக ஒன்று வர வேண்டுமென்றால் பழையது ஒன்று போக வேண்டும், எது என்று தீர்மானிப்பது அவன். போவதற்கு முன் கையில் பிடித்தபடி ஒரு படம் எடுங்கள், போனுக்கு அப்படியாவது ஒரு நல்ல வேலை கிடைக்கட்டும். பிறகு கழற்றக்கூடியதைக் கழற்றித் திரும்ப அந்தப் பெட்டிக்குள் போடச் சொல்லுங்கள். மூடியும் குச்சியும் அடுத்த கப்பலுக்கு உதவும் என்று தெரிந்தால் அழுகை பாதியாகக் குறையும். அவன் பாடசாலை போன நேரம் பார்த்து நீங்கள் கள்ளத்தனமாக வீசுவது மட்டும் வேண்டாம், குப்பைப் பையைத் திறந்து பார்க்கிற வயது.

ஆனால் பல்கனியில் ஒன்றும் விடாதீர்கள். யோகட் கப், சிரட்டை, மூடி, எதில் மழைத் தண்ணீர் தேங்கினாலும் டெங்கு நுளம்புக்கு அது போதும், முட்டையிலிருந்து பறக்கிற நுளம்பாக ஒரு கிழமை பத்து நாளில் வந்துவிடும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) படியேறி வந்தால் இது கப்பல், அது கோபுரம் என்றெல்லாம் கேட்டுக்கொண்டு நிற்க மாட்டார்.